ரோமானியத் தங்கக் காசில் அரசர் பெயர் தேய்ந்திருக்கிறது: யாருடையது?

கேள்வி:
வணக்கம். இங்கிலாந்தில் ஏலம் எடுத்த கலவை நாணயத் தொகுப்பில் இந்தத் தங்கக் காசும் வந்தது. எடை 4.45 கிராம், விட்டம் 21 மி.மீ. முன்பக்கம் வலப்புறம் பார்க்கும் முகம், தலையில் முத்துப் பட்டம். எழுத்தில் முதலில் டி, என், பிறகு தேய்மானம், அதன்பின் ஐ, ஓர் இடைவெளி, வி, எஸ், பி, எஃப், ஏ, வி, ஜி. பின்பக்கம் கொடி பிடித்து நிற்கும் உருவம், காலடியில் ஓர் ஆள். இருபுறமும் எம், டி. அடியில் 'கோமோப்'. அது அரசர் பெயரா? நகைக்கடையில் உரைத்துப் பார்க்கலாமா?

பதில் 1:
உரைகல் பக்கமே போகாதீர்கள், பாலிஷும் வேண்டாம். ஒரு கீறல் விழுந்தாலே மதிப்பு இறங்கிவிடும்.

இது சாலிடஸ். ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கொண்டுவந்த தங்கக் காசு. ஒரு ரோமானிய பவுண்டு தங்கத்துக்கு 72, அதாவது ஒன்று சுமார் 4.5 கிராம். அதற்கு முந்தைய தங்கக் காசான ஆரியஸ் என்றால் நீரோ காலத்திலேயே 7.3 கிராம் அளவில் இருக்கும். உங்கள் எடை சரியாகப் பொருந்துகிறது.

கோமோப் அரசர் பெயரில்லை, புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. கடைசி 'ஓ பி' புடமிட்ட தங்கம் என்பதன் சுருக்கம். எம் டி என்பது காசு அடித்த ஊர்: மெடியோலானம், இன்றைய மிலான். ஆர் வி என்றிருந்தால் ராவென்னா.

பதில் 2:
மிலானில் இதே பின்பக்கத்தோடு ஆர்கேடியஸ், ஹொனோரியஸ் என்ற இரண்டு அரசர்கள் பெயரிலும் அடித்தார்கள். இரண்டு பெயரும் லத்தீனில் எட்டெழுத்து, இரண்டும் அதே இடத்தில்தான் உடையும். அதனால் எழுத்தை எண்ணிப் பயனில்லை. இடைவெளிக்கு முந்தைய 'ஐ'க்கு முன்னால் என்ன எழுத்து என்று 10 மடங்கு லென்ஸில், விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்துப் பாருங்கள். கீழே வலப்புறம் சாய்ந்த கால் இருந்தால் ஆர், ஹொனோரியஸ். வயிறு மூடிய வளைவு என்றால் டி, ஆர்கேடியஸ்.

தங்கத்தைச் சோதிக்க 0.01 கிராம் தராசு வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க முக்குங்கள். நல்ல தங்கமானால் தராசு 0.23 காட்டும், 22 காரட் என்றால் 0.25. காசில் காற்றுக்குமிழி ஒட்டினால் எண் கூடிவிடும், ஒரு சொட்டு சோப்புத் திரவம் விடுங்கள்.

கேட்டவர்:
நான்கு முறையும் 0.23. சாய்ந்த கால் தெளிவாகத் தெரிகிறது.

பதில் 2:
அப்படியானால் ஹொனோரியஸ். ரோமானியக் காசுகளின் பட்டியல் நூலான ரோமன் இம்பீரியல் காயினேஜ் 10ஆம் தொகுதியில் 1206ஆம் எண், 395 முதல் 402 வரை. 402இல் அரசவை மிலானிலிருந்து ராவென்னாவுக்குப் போய்விட்டது.

பதில் 1:
தங்கம் சரி என்பதால் காசும் அசல் என்று முடிவுகட்ட வேண்டாம். நல்ல போலிகளும் நல்ல தங்கத்தில்தான் வருகின்றன. எழுத்தின் ஓரம் கூராக எழும்புகிறதா, சோப்பு போல வழுவழுக்கிறதா? பரப்பில் கடுகுபோல் மேடுகள், விளிம்பைச் சுற்றி அரம் போட்ட கோடு இருந்தால் வார்ப்பு. 12 மணி திசையில் பற்றவைத்த தழும்பு இருந்தால் பதக்கமாகத் தொங்கவிட்டது. அசல்தான், விலை குறையும். இங்கிலாந்தில் கிடைத்த ஹாக்ஸ்னே புதையலின் 569 சாலிடஸ்களில் ஹொனோரியஸ் காசுகளும் உண்டு, பிரிட்டிஷ் மியூசியம் இணையத் தொகுப்பில் படங்களை வைத்து ஒப்பிடுங்கள். ஏல ரசீதைக் காசோடேயே வையுங்கள். பின்னால் விற்க நினைத்தால் முதலில் கேட்பது அதைத்தான்.