குடும்பக் குழு: 22 கியர் எதற்கு?

செல்வி அத்தை: கவின், சைக்கிளுக்கு 22 கியரா? முகிலனின் மோட்டார் சைக்கிளுக்கே ஆறுதான். கடைக்காரர் உன் தலையில் கட்டிவிட்டாரா?

கவின்: முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் பதினொன்று, அத்தை. ஏன் இத்தனை என்று எனக்கும் விளங்கவில்லை. சித்தப்பா?

சித்தப்பா: காலுக்குப் பலம் குறைவு, அதனால்தான். முகிலனின் 150 சிசி எஞ்சினில் பத்துக் கிலோவாட்டுக்குக் குறையாத சக்தி இருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் ஒரு மணி நேரம் விடாமல் மிதித்தால் 100, 150 வாட். கையில் நிறைய வைத்திருப்பவன் தாராளமாகச் செலவழிக்கலாம். எஞ்சின் 3,000 சுற்றிலும் இழுக்கும், 8,000 சுற்றிலும் இழுக்கும். காலுக்கோ நிமிடத்துக்கு 60 முதல் 100 சுற்றுதான் தோது. அதற்குள்ளேயே காலை வைத்திருக்கத்தான் இத்தனை கியர்.

முகிலன்: ஆனால் இரண்டிலும் கியர் தலைகீழாக அல்லவா வேலை செய்கிறது? என் வண்டியில் கடைசிக் கியரிலும் எஞ்சின் எட்டு, ஒன்பது சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று.

சித்தப்பா: சரியாகப் பிடித்துவிட்டாய். எஞ்சினுக்குக் கியர் வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டுகிறது. சைக்கிளில் முன்னால் 50 பல், பின்னால் 11 பல் போட்டால் ஒரு மிதிக்குச் சக்கரம் நாலரைச் சுற்று. இன்னொன்று: நிற்கும் வண்டியைக் கிளட்ச் இல்லாமல் கிளப்பப் பார்த்தால் எஞ்சின் அணைந்துவிடும். காலோ சுற்றாமல் நிற்கும்போதுதான் மிக அழுத்தமாக உதைக்கும்.

செல்வி அத்தை: கால் வேகத்தில் சுற்றும் எஞ்சினே கிடையாதா?

சித்தப்பா: ஏன் இல்லை? கொள்கலன் கப்பலில் இருக்கிறது. 2006இல் வந்த எம்மா மெர்ஸ்க் என்ற கப்பலின் எஞ்சின் 14 சிலிண்டர், சுமார் 80,000 கிலோவாட். நம் அடுக்குமாடி புளோக்கில் நாலு மாடி உயரம் வரும். முழு வேகத்தில் நிமிடத்துக்கு 102 சுற்று! கியர்பெட்டி கிடையாது, புரொப்பெல்லரை நேராகச் சுழற்றுகிறது.

முகிலன்: 102தானா? சோம்பேறி எஞ்சின்.

சித்தப்பா: கணக்குப் போட்டுப் பார். அதன் பிஸ்டன் இரண்டரை மீட்டர் ஏறி, இரண்டரை மீட்டர் இறங்குகிறது. சுற்றுக்கு ஐந்து மீட்டர், நிமிடத்துக்கு 510. கார் பிஸ்டனுக்கு எட்டு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள். 3,000 சுற்றில் நிமிடத்துக்கு 480 மீட்டர்தான். இப்போது யார் சோம்பேறி?

பாட்டி: ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் கப்பலைப் பார்த்துக்கொண்டே மிதித்து யார் மீதும் மோதிவிடாதே கவின்.

கவின்: ஞாயிற்றுக்கிழமை மவுண்ட் ஃபேபர் குன்றுதான் பாட்டி. சித்தப்பா, ஏற்றத்துக்கு எது?

சித்தப்பா: முன்னால் 34, பின்னால் 34. ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்று, அதாவது இரண்டு மீட்டர் சொச்சம். நிமிடத்துக்கு 70 மிதித்தால் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர்கூட வராது. ஓடிப் போகிறவர்கள் முந்தினால் முந்தட்டும். வீம்புக்கு 50 பல்லில் மிதித்தால் முழங்கால்தான் கணக்குக் கேட்கும்.

செல்வி அத்தை: முந்துகிறவர்களில் நானும் இருப்பேன். காலை ஆறரைக்கு புளோக் கீழே வந்துவிடு.