சீசியத்தின் மேல் ஹீலியம்: படலத்தை ஆட்டுவது வெப்பமா, குவாண்டமா?

துளிவாசகன்:
திரவ ஹீலியம்-4 பெரும்பாலான பரப்புகளில் தானாகப் படர்ந்துவிடும். சீசியம் என்ற உலோகத்தின் மேல் மட்டும் ஏறத்தாழ 2 கெல்வினுக்குக் கீழே துளித்துளியாக நிற்கிறது, அதைத் தாண்டினால்தான் படலமாகப் பரவுகிறது. 1991-ல் கணித்து, அதே ஆண்டு சோதனையிலும் பார்த்துவிட்டார்கள். என் குழப்பம் இதுதான்: இவ்வளவு குளிரில் வெப்ப அலைவுக்கு என்ன வேலை? படலத்தின் பரப்பை ஆட்டுவது பூஜ்ஜியப்புள்ளி அலைவாகத்தானே (எவ்வளவு குளிர்ந்தாலும் ஓயாத குவாண்டம் அசைவு) இருக்க வேண்டும்?

அலைக்கணக்கு:
இல்லை. 2 கெல்வின் நமக்குத்தான் குளிர், நீண்ட அலைகளுக்கு அது நல்ல சூடு. வெப்பம் ஒவ்வோர் அலைக்கும் ஒரே அளவு ஆற்றலைத் தருகிறது, ஆனால் அலைநீளம் கூடக்கூட அந்த அலையை எழுப்ப ஆகும் செலவு குறைந்துகொண்டே போகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் பரப்பின் அலைவு அகலத்தின் வர்க்கம் நீளத்தின் மடக்கையாக வளரும், புவியீர்ப்போ அடித்தளமோ பிடித்து நிறுத்தும் வரை. பூஜ்ஜியப்புள்ளி ஆற்றலோ அதிர்வெண்ணைப் பொறுத்தது. நீண்ட அலைக்கு அதிர்வெண்ணே சொற்பம், ஆகவே நீண்ட அலைகளைச் சேர்த்தாலும் அதன் கூட்டுத்தொகை வளராமல் அடங்கிவிடுகிறது. 1 கெல்வினில் இரண்டும் சமமாகும் அலைநீளம் சுமார் 3 நானோமீட்டர். அதைவிட நீண்டதெல்லாம் வெப்பத்தின் கையில்.

படலப்பித்தன்:
கணக்கு சரி, ஆனால் சீசியத்தில் அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அங்கே நடப்பது முதல்வகை நிலைமாற்றம், படலத் தடிமன் ஒரே தாவலில் எகிறுகிறது. பரப்பு அடித்தளத்தை விட்டு மெல்ல மெல்ல விலகினால்தானே அலைவு தன் வேலையைக் காட்டும்? போதாததற்கு அணுக்களுக்கு இடையிலான ஈர்ப்பான வாண்டர் வால்ஸ் விசையும் நெடுந்தூரம் வரை எட்டுகிறது. குறுந்தூர விசையோடு தொடர்ச்சியாக நனையும் மாதிரிகளில்தான் அலைவு விடையை மாற்றுமா மாற்றாதா என்ற விளிம்பில் முப்பரிமாணம் சரியாக வருகிறது. அதிலும் 1983-ல் வந்த கோட்பாடு, நனைதல் நெருங்கும் வேகத்தைச் சொல்லும் அடுக்குக்குறிகள் நன்றாகவே மாறும் என்றது, 1986-ல் ஐசிங் என்ற எளிய கட்ட மாதிரியின் கணினி சிமுலேஷனில் கிட்டத்தட்ட அலைவைக் கணக்கில் எடுக்காத சராசரிப்புல விடைதான் வந்தது. அந்த வாக்குவாதம் பல வருடம் ஓடியது.

துளிவாசகன்:
சரி, அப்போது குவாண்டம் எங்கேதான் வருகிறது?

அலைக்கணக்கு:
பரப்பை உருவாக்க ஆகும் செலவைச் சொல்லும் பரப்பு இழுவிசையின் மதிப்புக்குள்ளேயே. பூஜ்ஜியப்புள்ளி அசைவு ஹீலியம் அணுக்களை இறுக நெருங்க விடுவதில்லை. ஹீலியம்-3 எடை குறைவு, அசைவு அதிகம், இழுவிசை மீட்டருக்கு சுமார் 0.16 மில்லிநியூட்டன், ஹீலியம்-4-க்கு 0.37. படலம் உருவாக இரு பக்கமும் பரப்பு வேண்டும், அதற்கான செலவு ஹீலியம்-3-க்குப் பாதிகூட இல்லை, அதைச் சீசியத்தின் பலவீனமான ஈர்ப்பே ஈடுகட்டிவிடும். அதனால்தான் ஹீலியம்-4 துளியாகவே நிற்கிற குளிரிலும் ஹீலியம்-3 அதே சீசியத்தை நனைத்துவிடுகிறது.