வீடு தேடும்போது உங்கள் இனம் குறுக்கே வந்ததா? அனுபவங்களைப் பகிருங்கள்

உட்லண்ட்ஸ், சிங்கப்பூரிலிருந்து:

எங்கள் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டை ஒரு மலாய்க் குடும்பத்திடமிருந்து வாங்கினோம். இங்கே ஒவ்வோர் அடுக்குமாடி புளோக்கிலும் எந்த இனத்தவர் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு உண்டு. அந்த புளோக்கில் சீனர் பங்கு ஏற்கெனவே நிரம்பியிருந்தது. அப்படி நிரம்பிவிட்டால் சீனர் தன் வீட்டை யாருக்கும் விற்கலாம். மலாய்க்காரரோ இந்தியரோ சீனருக்கு விற்க முடியாது. நாட்டில் முக்கால்வாசிப் பேர் சீனர்கள் என்பதால், வீடு பார்க்க வந்தவர்களே கொஞ்சம்தான். "அவசரப்படாதீங்க, விலை இறங்கும்" என்றார் என் முகவர். இறங்கியது. எனக்கு லாபம்தான், ஆனால் சாவி கொடுத்த அந்த மக்சிக்கின் (மலாய் அம்மாவின்) முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

இந்த வரம்பைப் போட்ட இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989இல் வந்தது. ஒரு புளோக்கில் சீனர் 87 சதவீதம், மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவர்களும் 15 என்பது உச்சவரம்பு. கடைசிப் பிரிவுக்கு முதலில் 13தான், 2010இல் கூட்டினார்கள். 1964இல் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் நடந்த கலவரத்தைப் பார்த்த தலைமுறை ஓர் இனம் ஓரிடத்தில் குவிவதைப் பார்த்துப் பயந்ததில் நியாயம் உண்டு. பலனும் இருக்கிறது. எங்கள் கீழ்த்தளத்தில் ஒரு வாரம் மலாய்க் கல்யாணம் நடக்கும், இன்னொரு வாரம் சீனர் வீட்டுத் துக்கம். என் பையனுக்கு இதெல்லாம் புதிதே இல்லை. ஆனால் இந்த ஒற்றுமைக்கான செலவு பெரும்பாலும் சிறுபான்மையினர் வீட்டு விலையில்தான் கழிகிறது.

நிஷி-கசாய், தோக்கியோவிலிருந்து:

இங்கே அப்படி விதி எதுவும் கிடையாது, மறுப்பு மட்டும் உண்டு. முகவர் என் எதிரிலேயே வீட்டுக்காரருக்குப் போன் போடுவார். வெளிநாட்டவர் என்று சொன்னதும் மறுமுனை அமைதியாகும், அப்புறம் இவர் தலை குனிந்து மன்னிப்புக் கேட்பார். யாரும் குரலை உயர்த்தவில்லை, அதனால் சண்டை போடவும் வழியில்லை. 2017இல் ஜப்பான் நீதி அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டவரில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் இதே காரணத்துக்காக மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருந்தார்கள்.

கடைசியில் யூஆர் என்ற அரசு சார்ந்த வாடகைக் குடியிருப்பில் கிடைத்தது. அங்கே ஜாமீன் போட ஆள் கேட்பதில்லை, வீட்டுக்காரருக்கு முன்கூட்டி 'நன்றிப் பணம்' தரவும் வேண்டாம். அதனால்தான் நம் இந்தியர்கள் நிஷி-கசாயில் இவ்வளவு பேர் சேர்ந்துவிட்டோம். சிங்கப்பூர் எதைத் தடுக்க விதி போட்டதோ, அது இங்கே விதியே இல்லாமல் நடக்கிறது.

ஜப்பான் ஒரே இன நாடு என்ற பேச்சும் எனக்கு முழுசாக ஒப்பவில்லை. ஐனு மக்களைப் பூர்வகுடிகள் என்று சட்டம் ஏற்றதே 2019இல்தான். கொரிய வம்சாவளியினர் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடியுரிமையைத்தான் கேட்கிறார்கள், இனத்தைக் கேட்பதில்லை. கேட்காவிட்டால் எல்லாரும் ஒன்றாகத்தானே தெரிவார்கள்!

கிள்ளான், மலேசியாவிலிருந்து:

எங்கள் ஊரில் ஒளிவுமறைவே இல்லை. புது வீடு விற்கும்போது பூமிபுத்ராவுக்கு (மலாய்க்காரர், பிற பூர்வகுடிகள்) விலைக்கழிவு, மாநிலத்தைப் பொறுத்து 5 முதல் 15 சதவீதம். தனி ஒதுக்கீட்டு வீடுகளும் உண்டு. அடுத்த வீட்டுக்காரர் என்னைவிடக் குறைவாகக் கொடுத்தது தெரிந்தும் ஒன்றாகத்தான் தேத்தாரே (இழுத்து ஆற்றிய தேநீர்) குடிக்கிறோம்.

உட்லண்ட்ஸ்காரரே, நாளைக்கு நீங்கள் விற்கப்போனால் என்ன செய்வீர்கள்?

உட்லண்ட்ஸ், சிங்கப்பூரிலிருந்து:

நானும் சீனர் இல்லையே, அந்த மக்சிக் நிலைமைதான் எனக்கும். விற்க முடியாமல் தவிப்பவர்களில் சிலரிடமிருந்து வீவகவே வீட்டை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல் வந்தது. நிபந்தனைகள் உண்டு, எனக்குப் பொருந்துமா என்று அப்போது பார்க்க வேண்டியதுதான்.