மிடில்கேம் (ஆட்டத்தோட நடுக்கட்டம்) பயிற்சிக்கு எந்த செஸ் வேரியண்ட் (விதி மாத்தின ஆட்டம்) ஆடலாம்?

விளிம்புக்குதிரை:
லிசெஸ் செஸ் தளத்துல ரேபிட் ரேட்டிங் 1600. பசில் 2000 தாண்டுது, ஆனா ஆட்டத்துல ரெண்டு மூவ் காம்பினேஷன்கூட கண்ல படல. கிரேஸிஹவுஸ், அட்டாமிக், த்ரீ-செக் எல்லாம் ஆடினா டாக்டிக்ஸ் தேறுமா, இல்ல பழக்கம் கெட்டுப்போகுமா?

சிப்பாய்ச்சுவர்:
பசில்ல ஏதோ இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சுடுது. ஆட்டத்துல அதை யாரும் சொல்லப் போறதில்ல. அதுக்கு, பின்வரிசைக் காய்களைக் கலைச்சு அடுக்கித் தொடங்குற செஸ்960 ஆடுங்க. ஓப்பனிங் மனப்பாடம் செல்லாது, முதல் மூவ்லயே கணக்குப் போட்டாகணும்.

பலகை வந்ததும் சப்போர்ட் இல்லாத சிப்பாய் எதுன்னு தேடுங்க. வழக்கமான அடுக்குல எட்டுக்கும் சப்போர்ட் உண்டு, இங்க அப்படி இல்ல. வெள்ளை பிஷப் எச்1ல நிக்குதுன்னு வைங்க. ஜி சிப்பாய் ஒரு கட்டம் நகர்ந்தாலே பி7க்குக் குறி. கறுப்பு அதைக் கவனிக்கலேன்னா ஒரு சிப்பாய் போச்சு.

காஸ்லிங்ல (ராஜாவும் யானையும் ஒரே மூவ்ல இடம் மாறுறது) நிறைய பேர் குழம்புவாங்க. ராஜா எங்க தொடங்கினாலும் முடிவுல ஜி1, யானை எஃப்1. அடுத்த பக்கம்னா சி1, டி1. டைம் 15+10 (15 நிமிஷம், மூவுக்கு 10 செகண்ட் கூடுதல்) வைங்க, வேகமா ஆடுற பிளிட்ஸ் வேண்டாம்.

எச்கோடு:
கிரேஸிஹவுஸையும் முழுசா ஒதுக்க வேண்டாம். வெட்டின காயை ஒரு மூவுக்குப் பதிலா காலிக் கட்டத்துல இறக்கலாம். சிப்பாயை மட்டும் முதல், கடைசி வரிசையில இறக்க முடியாது. ராஜாவைச் சுத்தி எந்தக் கட்டம் ஓட்டைன்னு கண்ணு பழகிடும்.

ஆனா ஒரு விஷம் இருக்கு. தூரத்துல இருந்து வர்ற செக்கை கையில இருக்கிற காயை நடுவுல இறக்கி மறைச்சுடலாம். அதனால கடைசி வரிசை மேட் (சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால ராஜா மாட்டிக்கிறது) பயமே விட்டுப்போகும். திரும்பி வந்து சாதாரண ஆட்டம் ஆடும்போது எச்3 தள்ளி ராஜாவுக்கு ஜன்னல் திறக்க மறந்துடுவீங்க. வாரத்துக்கு நாலஞ்சு ஆட்டம் போதும்.

மூணு செக் கொடுத்தாலே ஜெயிக்கிற த்ரீ-செக்ல எஃப்7ல பிஷப்பைக் கொடுத்து ஒரு செக் வாங்குறது பல நேரம் லாபம். சாதாரண ஆட்டத்துல அது வெறும் பிஷப் நஷ்டம். அட்டாமிக் ஜாலிக்கு மட்டும். வெட்டினா வெட்டுப்பட்ட காயோட வெட்டுற காயும் போகும், சுத்தி இருக்கிற எட்டுக் கட்டத்துல சிப்பாய் தவிர மத்ததும் போகும். சப்போர்ட்னு ஒண்ணுக்கே அங்க அர்த்தம் இல்ல.

யானைவழி:
காஸ்லிங் இல்லாத செஸ்ஸை யாரும் சொல்லலயே! முன்னாள் உலக சாம்பியன் கிராம்னிக் 2019ல முன்வெச்சது. 2021ல டார்ட்மண்டுல ஆனந்த் அவரோட இதையே ஆடி 2.5-1.5னு ஜெயிச்சார். காய் நடக்கிற விதி எதுவும் மாறல, அதனால பழக்கம் கெடாது. ராஜா நடுவுல மாட்டும், எச்1 யானை வெளிய வர எச்4, யானை எச்3ன்னு சுத்தணும். ஈ கோட்டைத் திறந்து தாக்கப் பழக இதைவிட நல்ல வழி இல்ல.

லிசெஸ் போர்டு எடிட்டர்ல காஸ்லிங் டிக் நாலையும் எடுத்துட்டு, அந்த நிலையிலிருந்தே ஆட்டம் தொடங்குங்க.

விளிம்புக்குதிரை:
கம்ப்யூட்டரோட ஆடலாமா?

யானைவழி:
ஆடலாம். முடிஞ்சதும் உடனே எஞ்சின் (ஆட்டத்தை அலசுற கம்ப்யூட்டர் புரோகிராம்) போடாதீங்க. எங்க செக், வெட்டு, மிரட்டல் மூணையும் பார்க்காம கை வெச்சீங்களோ அந்த மூவ்களை முதல்ல நீங்களே குறிச்சுட்டு, அப்புறம் எஞ்சினோட ஒத்துப்பாருங்க.