அவதாரில் ஒல்லியானவர்கள் கூட்டியும் பருமனானவர்கள் குறைத்தும் வைக்கிறார்கள்: ஏன்?

நிலா_உளவியல்
எம்ஃபில் ஆய்வுக்கு விஆர் ஹெட்செட்டில் ஒரு சோதனை. எஸ்எம்பிஎல்ங்கிற 3டி மனித உடல் மாடலில் செஞ்ச அவதாரைக் காட்டி, "உங்க உடம்பு அளவுக்கு ஸ்லைடரை வைங்க"ன்னு கேட்கிறேன். ஒல்லியானவங்க தங்களைக் கொஞ்சம் குண்டா வைக்கிறாங்க, குண்டானவங்க ஒல்லியா வைக்கிறாங்க. ஸ்லைடர் இரண்டாவது பீட்டாவை (மாடலோட உடல் வடிவத்தை மாத்துற எண்களில் ஒண்ணு) மட்டும் நகர்த்துது. கோளாறு மாடலிலா, பார்வையிலா?

மெஷ்பட்டறை
முதல்ல ஸ்லைடரை மாத்துங்க. அந்த 10 பீட்டாவில் எதுவும் தனியா "எடை" இல்லை. இரண்டாவதை நகர்த்தினா பருமனோட உயரமும் கால் நீளமும் கொஞ்சம் நகரும். உயரம், எடை ரெண்டையும் பீட்டாக்களோட இணைக்கிற நேர்கோட்டுச் சமன்பாடு ஒண்ணு போட்டு, உயரத்தை நிறுத்தி வெச்சு எடையை மட்டும் மாத்துங்க. 165 செ.மீ., 60 கிலோன்னா பிஎம்ஐ 22. எடை 20% கூடினா 72 கிலோ, 26.4. ஒவ்வொரு படியிலும் மெஷ் (அவதாரோட 3டி வலை உருவம்) உயரத்தை அளந்து பாருங்க. கன அளவும் 60 லிட்டரிலிருந்து 72 பக்கம் போகணும்.

கை உடம்போட ஒட்டி நிக்கக் கூடாது. பருமன் ஏற ஏறக் கை இடுப்புக்குள்ள புதைஞ்சிடும், இடுப்பு விளிம்பே தெரியாது.

உளஅளவி
மாடலைத் திருத்தினாலும் நீங்கள் பார்த்த போக்கு முழுதாகப் போகாது. நிச்சயமில்லாத அளவை மனம் சராசரி உடலின் பக்கம் இழுக்கும். அதனால் இரு முனைகளும் நடுவை நோக்கிச் சாய்கின்றன. இதை "உடல் பிம்பக் கோளாறு" என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.

ஸ்லைடர் தொடங்கிய இடமும் விடையை இழுக்கும். பாதி முறை அவருடைய எடையில் -20%இலிருந்தும் பாதி முறை +20%இலிருந்தும் தொடங்குங்கள். அதைவிட நல்லது: -20 முதல் +20 வரை 5% இடைவெளியில் 9 உடல்கள், ஒவ்வொன்றும் 20 தடவை, கலைத்துப்போட்டு 180 காட்சிகள். "என்னைவிடப் பருமனா, மெலிவா?" என்பது மட்டுமே கேள்வி. ஒவ்வொரு உடலுக்கும் எத்தனை சதவீதம் "பருமன்" என்றார் என்பதை வளைகோடாக வரையுங்கள். அதன் 50% புள்ளி அவர் தன்னைக் கருதும் அளவு. சரிவு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு நுட்பமாக வேறுபாட்டைக் காண்கிறார். இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

மெலிந்த உடல்களையே தொடர்ந்து காட்டினால் சாதாரண உடல் குண்டாகத் தெரியத் தொடங்கும். எனவே கலைத்தல் முக்கியம், நடுவில் வெறுந்திரையும் வேண்டும்.

"இப்போதைய உடல்", "விரும்பும் உடல்" இரண்டையும் கேளுங்கள். ஜெர்மனியின் டூபிங்கனில் பசியின்மை நோயாளிகளிடம் (அனோரெக்சியா நெர்வோசா என்ற உணவுக் கோளாறு) நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், அவர்கள் தம் எடையை ஓரளவு சரியாகவே கண்டார்கள். விலகல் விருப்பத்தில் இருந்தது. ஒரே கேள்வியோடு நின்றிருந்தால் இது தெரிந்திருக்காது.

நிலா_உளவியல்
நன்றி சார். பங்கேற்பாளர்கள் எல்லாரும் மதுரைக்காரங்க. மாடல் பொருந்துமா?

மெஷ்பட்டறை
அப்படியே பொருந்தாது மேடம். அதோட உடல் வடிவங்கள் அமெரிக்க, ஐரோப்பிய ஸ்கேன்களிலிருந்து வந்தவை. அதே பிஎம்ஐயில் நம்ம ஆட்களுக்கு வயித்துக் கொழுப்பு கூட. உயரம், எடையோட இடுப்பு, தொடைச் சுற்றையும் டேப்பில் அளந்து, அதுக்குப் பொருத்தின அவதாரை 0% ஆ வைங்க. ஹெட்செட்டில் கண்மணி இடைவெளியை (இரு கண்மணிகளுக்கு நடுவிலான தூரம்) ஆளுக்கு ஆள் சரிபண்ணாம ஆரம்பிக்காதீங்க. அது தப்பினா அவதாரோட அளவே மாறித் தெரியும்.