குளிரில் பொங்காத இட்லி மாவு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

டொராண்டோ:
14 மணி நேரம் ஆச்சு. பாத்திரத்துல மாட்டின ரப்பர் பேண்ட் எங்க இருந்ததோ மாவும் அங்கேயே நிக்குது, மேல ஒரு விரல் தண்ணி தெளிஞ்சிருக்கு. 4 கப் இட்லி அரிசி, 1 கப் முழு உளுந்து, 1 டீஸ்பூன் வெந்தயம். எல்லாம் ஊர்ல அம்மா போடுற அளவுதான். அறையில 19 டிகிரி. அந்த அசையாத கோடு மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது.

எடின்பரோ:
19 டிகிரியில் எப்படிங்க பொங்கும்? 28லிருந்து 32 வரை வேணும். ஓவனைச் சூடாக்காம அதோட விளக்கை மட்டும் போட்டு மாவை உள்ளே வைங்க. எல்இடி பல்பா இருந்தா சூடு வராது. அப்போ ஒரு ட்ரேயில் கொதிநீர் வெச்சு 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்தணும். அடியில் தாம்பாளம் வைங்க. ஓவன் திருகுல "உள்ளே மாவு"ன்னு சீட்டு ஒட்டுங்க. கூட இருக்கிறவங்க பீட்சாவுக்குச் சூடு ஏத்தினா மாவு ஓரமா வெந்துடும்.

மினியாபொலிஸ்:
வெறும் சூடு மட்டும் காரணம் இல்லை. மேலே தண்ணி தெளிஞ்சதுன்னா உளுந்து சரியா அரைபடலை, அதனால அரிசி அடியில் தங்கிடுச்சு. மிக்ஸி சூடானா உளுந்து நுரைக்காது. ஊறின உளுந்தை அரை மணி ஃபிரிட்ஜில் வைங்க. ஐஸ் தண்ணி கால் கப் கால் கப்பா விட்டு, நிறுத்தி நிறுத்தி அரைங்க. 1 கப் உளுந்துக்கு ஒண்ணேகால் கப் தண்ணி போதும், பழைய உளுந்துன்னா இன்னும் குறைவா இழுக்கும். ஒரு சொட்டைக் கிண்ணத்துத் தண்ணியில் விடுங்க. மிதக்கணும். முங்கினா இன்னும் ரெண்டு சுத்து. அரிசி ரவை பதத்துல இருக்கட்டும், நைஸா அரைச்சா இட்லி பசை மாதிரி ஆயிடும். அப்புறம் உப்பு: சென்னை வெயிலுக்கு முன்னாடியே போடலாம், குளிர்ல பொங்கின பிறகு போடுங்க.

பெர்லின்:
கையால கலக்காம விட்டிருப்பீங்க. கைச்சூடு பட்டாதான் மாவு பொங்கும்னு வீட்டுல சொல்லுவாங்க.

மினியாபொலிஸ்:
அதுல எனக்கு உடன்பாடு இல்லை. பொங்க வைக்கிற லியூக்கோநாஸ்டாக் பாக்டீரியா உளுந்தோடவே வருது. கரண்டியால் நல்லா அடிச்சுக் கலந்தாலும் பொங்கும். தயிர் மட்டும் ஊத்தாதீங்க, புளிப்பு வரும், உப்பல் வராது.

சிகாகோ:
தனி ஆளுக்குன்னு அரை கப் உளுந்து மட்டும் போடுறவங்க கவனிங்க. கொஞ்ச மாவு சீக்கிரம் குளிர்ந்துடும். சின்னப் பாத்திரத்துல ஊத்தி, கம்பளியில சுத்தி வைங்க. இன்ஸ்டன்ட் பாட்ங்கிற கரண்ட் குக்கர் இருந்தா அதுல தயிர் பட்டன்ல வைக்கலாம், ஆனா குக்கர் மூடி வேண்டாம், தட்டு போட்டு மூடுங்க. மூடி போட்டா மாவு ஏறி வால்வுக்குள்ள காய்ஞ்சிடும். 8 மணி நேரத்துக்கு மேல விட்டா புளிச்சுப் போகும்.

டொராண்டோ:
ஐஸ் தண்ணி, ஓவன் விளக்கு ரெண்டும் செஞ்சேன். உளுந்துச் சொட்டு மிதந்துச்சு. 11 மணி நேரத்துல ரப்பர் பேண்டைத் தாண்டி நாலு விரல். கரண்டி விட்டா உள்ள தேன்கூடு மாதிரி ஓட்டை. முதல் ஈடு 10 நிமிஷம் வெந்து, 3 நிமிஷம் ஆறி, ஈரக் கரண்டிக்குத் தானே கழண்டு வந்துச்சு.