புதுப்பிப்பு: வேக்குவம் கிளீனரில் தீய்ந்த வாடை, காரணம் கார்பன் பிரஷ்

போன வாரம் கேட்டிருந்தேன்: எங்கள் 1400 வாட் வேக்குவம் கிளீனரை ஓட்டிய ஐந்தாவது நிமிடமே தீய்ந்த வாடை வருகிறது, இழுவையும் குறைந்துவிட்டது என்று. யோசனை சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் ஃபில்டரைக் கழற்றினேன். சுவரில் பூசிய பட்டியை (புட்டி) தேய்த்தபோது பறந்த மாவு அதில் அப்படியே அப்பியிருந்தது. இழுக்கும் காற்றுதான் மோட்டாரையும் குளிர்விக்கிறது. அது அடைபட்டால் மோட்டார் சூடேறத்தான் செய்யும். கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவைத்துப் போட்டேன். இழுவை திரும்பியது, வாடை போகவில்லை.

அப்புறம், "கார்பன் பிரஷைப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதைச் செய்தேன். மோட்டாரின் சுழலும் பகுதியை உரசியபடி அதற்கு மின்சாரம் கொடுக்கும் கரித் துண்டுகள் அவை. அவர் சொன்னதுதான் சரி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டாரைத் திறந்தால், ஒரு பக்கப் பிரஷ் 6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தது, மறுபக்கம் 15. ஸ்பிரிங் சரியாக அழுத்தாததால் பொறி பறந்து, பிரஷ் உரசும் செம்புப் பட்டைகள் கறுத்துப்போயிருந்தன. நைஸ் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, பொடியைத் துடைத்தேன். பிரஷ் இரண்டையும் சேர்த்தே மாற்றினேன். ஜோடி 120 ரூபாய்.

எதிர்பாராத ஒன்று: புதுப் பிரஷ் போட்டும் முதல் பத்து நிமிடம் லேசான வாடை வந்தது. பயந்துபோய் நிறுத்திவிட்டேன். புதுக் கார்பன் அந்தச் செம்புப் பட்டைகளின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்து படியும்வரை அப்படித்தான் இருக்குமாம். இப்போது நாலு முறை வீடு முழுக்க ஓட்டியாயிற்று, வாடையே இல்லை.

பட்டி மாவை இனி துடைப்பத்தால்தான் அள்ளுவேன்.